யாக்கையும் என்புக் கொடையும்

இறந்தாரொருவருடைய என்பையும் அதன் தலைமேற் படிந்துள்ள குருத்தெலும்பையும் எடுத்துக் கெடாது காத்துவைத்து, மூட்டுப் பழுதுற்று வருந்தும் மற்றொருவர்க்குப் பொருத்தும் மருத்துவம் இக்காலத்துப் பல நாடுகளிலும் வழங்கிவருகின்றது. கண் கொடுத்தலைப்பற்றியும் குருதி கொடுத்தலைப்பற்றியும் நம்மவர்க்கிருந்த ஐயங்கள் பெரும்பாலும் ஒழிந்தன. என்பைப்பற்றிய ஐயமோ ஒழிந்திலது. அதற்குக் காரணமும் உண்டு. குருதி உடலினுள் ஓடி உடலோடு மறைவது. என்போ, உடல் எரிந்தபின்னும் எஞ்சிநின்று, மைந்தர் கையாற் பொறுக்கப்பட்டு, பாலும் நீரும் தெளிக்கப்பெற்று, ஆற்றிலோ கடலிலோ சேர்க்கப்படுவது. இறந்தார்க்கும் இருந்தார்க்கும் இடையே கடைசியாக நிற்கும் பொருள் அதுவே. அதனை எடுத்து வேறொருவர் உடம்பிற் பொருத்துதல் தகுமோ என்பது ஒரு வினா. அங்ஙனம் பொருத்தப்பெற்றவர் சிவதீக்கை பெற்று நாடோறும் ஆன்மார்த்த பூசை செய்பவராயின், பிணத்தின் என்பைத் தம்முள் உடையராய்ச் சிவலிங்கத் திருமேனியைத் தீண்டலாமோ என்பது மற்றொரு வினா.

இப்பின்னைய வினாவை அன்பரொருவர் எம்மிடம் நேரே வினவினர். அவர்க்கு முன்னர் வைக்கப்பட்ட செயற்கை இடுப்பு மூட்டு ஆண்டு பலவானமையால் தளர்ந்து, அதனைச் சூழ்ந்த என்பும் கரைந்துவிட்டது. வங்கியிற் காத்துவைத்துள்ள பிறர் என்பை இட்டு நிரப்பியே மறுமுறை மூட்டு வைத்தல் இயலும் என மருத்துவர் கூறினராம். அன்பர் அதற்கு உடன்படாது நாட்கடத்தி வருகின்றனர். திருக்கோயில் வலம்வருதலை விட்டு, பூசைக்கு அமர்ந்தெழுதற்கும் பிறர் கைபற்றும் ஒருவர் கேட்ட வினா ஆகலின், இதனை வெறும் வாதப்பொருளாகக் கொள்ளாது ஆராய்தல் கடனாயிற்று.

முதற்கண் பொருளின் இயல்பை அறிதல் வேண்டும். அஃதறியாது விதியும் விலக்கும் கூறப்புகுதல் குருடர் யானை கண்ட கதையாய் முடியும். ஒருவர் என்பை மற்றொருவர்க்குப் பொருத்துதல் நேற்றுத் தோன்றியதன்று. 1880-ஆம் ஆண்டளவில் ஸ்காட்லாந்து தேசத்துக் கிளாஸ்கோ நகரில் வில்லியம் மக்கீவன் என்னும் சத்திர வைத்தியர், நோயால் மேற்கையின் என்பை இழந்த சிறுவனொருவனுக்கு, பிறருடைய வளைந்த கால்களை நேராக்குங்கால் வெட்டியெடுத்த என்புத் துண்டங்களை வைத்து அக்கையைப் பயன்படச் செய்தனர். 1908-இல் ஜெர்மானியராகிய எரிக் லெக்சர் முழங்கால் மூட்டு முழுவதனையுமே மாற்றிப் பொருத்தியதனை வெளியிட்டனர். என்பைக் குளிரிற் காத்துவைத்துப் பின்னர்ப் பயன்படுத்திய செய்தியைக் கியூபா தேசத்து ஹவானா நகரத்து அல்பெர்ட்டோ இன்கிளான் என்பார் 1942-இல் எழுதினர். 1949-இல் அமெரிக்கக் கடற்படையார் பெதெஸ்டா என்னுமிடத்தில் திசு வங்கி ஒன்று நிறுவினர். நம் பாரத நாட்டிலே மும்பை டாட்டா நினைவு மருத்துவமனையில் 1988-ஆம் ஆண்டில் அத்தகைய வங்கி ஏற்பட்டது.

இவ்வங்கிகளிற் செய்யப்படுவது யாது? கொடுத்தார்க்குத் தொற்றுநோய் இல்லை எனச் சோதித்தபின், என்பிலுள்ள குருதியையும் மச்சையையும் நெய்ப்பையும் போக்கிக் கழுவுகின்றனர். பின்னர் உறைநிலைக்குக் கீழ் 80 பாகையளவு குளிரில் வைக்கின்றனர். அல்லது உறையச்செய்து அதிலுள்ள ஈரத்தை வாங்கி உலர்த்துகின்றனர். உலர்த்தியதனைச் சாதாரண அறையிலேயே ஆண்டு சில வைத்திருக்கலாம். நுண்கிருமிகள் ஒழியும்பொருட்டுக் காமாக் கதிரை 25 கிலோகிரே அளவிற் பாய்ச்சுதலும் உண்டு. இவையெல்லாம் முடிந்தபின் அவ்வென்பில் உயிர்ப்புள்ளது எதுவும் இராது. எஞ்சுவது சுண்ணமும் நாருமாகிய கட்டுக்கோப்பு மட்டுமே.

அது பிறருடலில் வைக்கப்பட்டபின் நிகழ்வதே நாம் ஊன்றி நோக்கற்பாலது. ஏற்றவருடைய குருதிக்குழாய்கள் அக்கட்டுக்கோப்பின் புழைகளில் மெல்லமெல்ல நுழைகின்றன. அவருடைய அணுக்களே பழைய என்பைச் சிறிது சிறிதாகத் தின்று, தின்ற இடத்திற் புதிய என்பை இடுகின்றன. பழைய வீட்டின் சாரத்தை வைத்துக்கொண்டு புதிய சுவர் எழுப்புவார் போல்வது இது. திங்கள் பல கழிய, ஆண்டுகளும் கழிய, வைத்த என்பு குறைந்து தன் என்பு மிகுகின்றது. பெருந்துண்டமாயின் முழுதும் மாறாது நடுவிற் சிறிது எஞ்சுதலும் உண்டு. துகளாக்கி நிரப்பியதாயின் பெரும்பகுதியும் மாறிவிடும். நாம் உண்ட சோறு நம் உடம்பாதற்கும் இதற்கும் வேறுபாடு, வாயில் வழியால் புகுந்தமையும் கத்தி வழியால் புகுந்தமையுமேயன்றி வேறில்லை எனலாம்.

இவ்வளவில் நின்றால் வினா எளிதில் முடிந்துவிடும். குருத்தெலும்பு அதனை முடியவொட்டாது தடுக்கின்றது. மூட்டில் என்பின் தலையைப் போர்த்து வழுவழுப்பாய் நிற்கும் அப்பொருளுக்குக் குருதிக்குழாயும் இல்லை, உணர்ச்சி நரம்பும் இல்லை. மூட்டினுள் ஊறும் நீரினின்றே அஃது ஊட்டம் பெறும். அந்நீரும் நாம் நடக்குங்கால் நேரும் அழுத்தத்தாலேயே அதனுட் செல்லும். நடத்தலாலே உண்ணும் உறுப்பு எனலாம். ஒருமுறை பழுதுபடின் தானே வளர்ந்து நிரம்பமாட்டாது. ஆகவே அதனை என்புபோல உறைகுளிரில் வைத்தல் பயன்படாது. உறையின் அதன் அணுக்கள் இறந்துபடும். இறந்த குருத்தெலும்பு நாளடைவில் தேய்ந்தொழியும். அணுக்கள் உயிர்ப்போடு இருக்கும்போதே வைத்தல் வேண்டும். இம்முறையைக் கனடா தேசத்து டொராண்டோ நகரில் ஆலன் கிராஸ் என்பார் 1972 முதல் நடத்தி வந்தனர். தொற்றுச் சோதனைகள் முடிதற்கே ஏறத்தாழ 14 நாள் செல்லும். 4 பாகைக் குளிரில் ஊட்டநீரில் இட்டுவைத்தால் நாள் செல்லச்செல்ல அணுக்கள் குறைந்துவருமாதலின், 28 நாளுக்குள் வைத்துவிடுதல் பொதுவழக்கு. இவ்விடைவெளி குறுகியதாதலால், நல்லுள்ளத்தோடு கொடுக்கப்பட்டதில் ஒருபகுதி ஏற்பார்க்குப் பொருந்தாது வீணாயிற்று. அமெரிக்க நாட்டு மிசூரிப் பல்கலைக்கழகத்தார் அறையின் வெப்பநிலையிலேயே வைத்துக் காக்கும் புதிய ஊட்டநீரொன்றைக் கண்டு, 56 நாளளவும் போதிய அணுக்கள் உயிர்ப்போடிருத்தலைக் காட்டினர். நூற்றுக்கு 70 பங்கேனும் உயிர்ப்போடிருத்தல் நலம் என்பது அவர் கொண்ட அளவு.

இங்ஙனம் வைத்த குருத்தெலும்பின் அணுக்கள், என்பினைப்போல ஏற்றவருடைய அணுக்களாக மாறுவதில்லை. அடர்ந்த கட்டுக்கோப்பினுள் ஒளிந்திருத்தலின் ஏற்றவருடல் அவற்றை அயலெனக் கண்டு அழிப்பதும் இல்லை. கொடுத்தாருடையனவாகவே அவை தொடர்ந்து வாழ்கின்றன. ஒருவர்க்குப் பொருத்தி 29 ஆண்டு கழிந்தபின் எடுத்துச் சோதித்ததில், கொடுத்தாருடைய அணுக்கள் அப்போதும் உயிர்ப்போடிருந்தமை 2007-இல் மருத்துவ இதழொன்றில் வெளியாயிற்று. இறந்தவர்க்கு எத்துணையோ ஆண்டுத்திதிகள் நடந்தேறிய பின்னும், அவர் உடம்பின் ஒரு கூறு மற்றொருவர் காலில் உயிரோடிருக்கின்றது!

அற்றேல், இறந்தார் முற்றும் இறந்திலரோ? அவர் உயிர் அக்கூற்றினைப் பற்றி நிற்குமோ? மறுபிறவி எடுத்த அவ்வுயிர்க்குப் பழைய பிறவியின் உடற்கூறும் உடனிருத்தல் கூடுமோ? என இவ்வாறு ஐயங்கள் எழும். இவற்றுட் பாதி சொல்லால் விளைந்தவை. பிறநாட்டார் 'செல்' என வழங்கும் நுண்கூற்றினை நம்மவர் 'உயிரணு' என மொழிபெயர்த்துக்கொண்டனர். சித்தாந்த நூல்களில் உயிர் என்பது ஆன்மாவின் பெயர். அறிவிக்க அறிவதாய், வினைக்கீடாக உடல்களிற் சென்று பயன் நுகர்வதாய், சித்தாய் உள்ள பொருள். மருத்துவர் உயிருள்ளது என்பது, ஊட்டம் கொண்டு கழிவு நீக்கிச் சிதையாது நிற்றலை. இரண்டற்கும் ஒரே சொல்லை வைத்தமையால், அணு வாழ்கின்றது என்று கேட்டவுடன் ஆன்மா இருக்கின்றது என்று மனம் தாவுகின்றது. சொல்லாக்கம் செய்வார் நம் நூற்குறியீடுகளை ஒருமுறை நோக்கியிருப்பின் நன்றாயிருக்கும்; இனி அதனை மாற்றுதல் அரிது.

மெய்கண்ட தேவர் சிவஞானபோத மூன்றாஞ் சூத்திரத்தில் உடலின் வேறாய் உயிர் உண்டென நிறுவுங்கால், என் உடல் என உடைமைப் பொருளாக வைத்து வழங்குதலையும் ஓர் ஏதுவாகக் காட்டினர். உடையவன் வேறு, உடைமை வேறு. உடல் மாயையின் காரியமாய்ச் சடமாயிருப்பது. தனு கரண புவன போகங்களுள் ஒன்றாய் உயிர்க்குக் கருவியாக இறைவனாற் கூட்டப்படுவது. கூட்டியது பிராரத்தத்தை நுகர்வித்தற்பொருட்டு. அப்பிராரத்தம் தீர்ந்தவழிக் கூட்டமும் தீரும். அப்பொழுது உயிர் புரியட்டகமாகிய நுண்ணுடம்போடு செல்கின்றது. தூல உடம்பு, பாம்பு கழித்த தோல்போலக் கிடக்கின்றது. அத்தோலில் ஒரு துண்டு வாடாதிருத்தல் பாம்பு அதனுள் இருத்தற்குச் சான்றாமோ? ஆகாது.

இன்னும் கூறுதும். உயிர் உடலளவினது என்னும் அமணர் கொள்கையை நம் ஆசிரியர் மறுத்தமை யாவரும் அறிவர். உயிர் உடலளவாய்ப் பரந்து நிற்பதாயின், கால் துணிக்கப்பட்டவழி உயிரும் துணிக்கப்படும்; துணிபடுவது அழியும். அது கூடாமையின் அக்கொள்கை விலக்கப்பட்டது. இறந்தாருயிரில் ஒருசிறிது அவர் குருத்தெலும்போடு சென்றது என்பார் தாம் அறியாமலே அவ்விலக்கப்பட்ட கொள்கையை மீண்டும் கைக்கொள்பவராவர். முருங்கைக் கொம்பை ஒடித்து நட்டால் அது தழைத்து மரமாகின்றது. முதன்மரத்தின் உயிர் இரண்டாகப் பிளந்தது என எவரும் கொள்ளார். அக்கொம்பு வேறோருயிர்க்கு வினைவழி உடம்பாயிற்று என்பதே கொள்ளத்தக்கது. அவ்வாறே வைத்த குருத்தெலும்பின் அணு ஒவ்வொன்றும் ஒவ்வொரு நுண்ணுயிர்க்கு உடம்பு என ஒருவர் கூறுவராயினும், நம் ஆராய்ச்சிக்கு அதனால் இழுக்கில்லை. நம் சொந்த உடம்பிலேயே எண்ணிறந்த கிருமிகள் குடியிருக்கின்றன. அவற்றால் இவ்வுடம்பு நமதன்றாயிற்றா? அவ்வணுக்கள் எவ்வுயிர்க்கு உடம்பாயினும் ஆகுக, கொடுத்தார் உயிர்க்கு உடம்பல்ல என்பதே ஈண்டு வேண்டப்படுவது.

அங்ஙனமாயின் அது யாருடையது? ஏற்றவருடையது. என்னை? ஓர் உறுப்பு ஓருயிர்க்கு உரித்தாதல், அவ்வுயிரினிடத்திருந்து அது தோன்றியமையான் அன்று. அவ்வுயிரின் போகத்திற்கு அது கருவியாய் நிற்றலான். நம்மிடத்துப் பிறந்த குருத்தெலும்பிலும் உணர்ச்சி நரம்பு இல்லை, குருதியும் இல்லை என மேலே கண்டோம். நம்மால் அறியப்படாது, நோவாது, அது கிடக்கின்றது. ஆயினும் நம் நடை அதன்மேல் நடைபெறுதலால் நமது எனப்பட்டது. அயலார் குருத்தெலும்பும் அவ்வாறே அறியப்படாது கிடந்து, ஏற்றவருடைய நடையைத் தாங்கி, அந்நடையாலேயே ஊட்டமும் பெற்று வருமாயின், தன்னதற்கும் அதற்கும் சித்தாந்த நெறியில் வேறுபாடு காட்டுதல் அரிது. நோய் ஊழாயின் அதனை விலக்குதல் ஊழோடு மாறுகோடலன்றோ என்பது மிகப் பழைய வினா. நோய் ஊழாயின் மருந்தும் ஊழே என்னும் பழைய விடையே அதற்குப் போதும்.

இனித் தூய்மையைப்பற்றிய வினாவுக்கு வருவோம். மக்கள் என்பைத் தீண்டினார் நீராடுதல் வேண்டும் என்பது நூல்விதி. அவ்விதியை யாம் நெகிழ்க்கக் கருதவில்லை. ஆனால் அவ்விதி உயிர் நீங்கிய உடம்பின் என்பைப்பற்றியது. உயிர் நின்ற உடம்பினுள் இருக்கும் என்புக்கு ஆசௌசம் இல்லை. இருப்பின் பூசைக்கு உரியார் ஒருவரும் இரார். எல்லாரும் இருநூற்றுக்கு மேற்பட்ட என்புகளை உட்கொண்டே பூசை செய்கின்றோம். வைத்த என்பு பிணத்தினின்று எடுக்கப்பட்டபோது தூயதன்று. மற்றோருயிரின் உடம்பினுட் புகுந்து அவ்வுடம்பின் குருதி அதனுட் பாய்ந்தபோது, உயிர் நின்ற உடம்பின் உறுப்பாயிற்று. நிலை மாறியவழி விதியும் மாறும். சங்கு ஒரு கடல்வாழ் உயிரின் ஓடே. அதனால் நீர்முகந்து அபிடேகம் செய்கின்றோம். புனுகும் கோரோசனையும் விலங்குகளின் உடம்பிற் பிறந்தன, திருமேனிக்குச் சாத்துகின்றோம். இவை மக்கள் என்பல்லவே எனின், உண்மை. ஆகலின் இவற்றை முழுச்சான்றாகக் காட்டவில்லை. பிறப்பிடம் ஒன்றே தூய்மையை முடிவுசெய்வதில்லை என்பதற்கு மட்டுமே காட்டினோம்.

முழுச்சான்று பூசையினுள்ளேயே இருக்கின்றது. அதுவே பூதசுத்தி. பூசை செய்வோன் தன் ஆன்மாவைத் துவாதசாந்தத்தில் வைத்து, வலக்காற் பெருவிரலினின்று எழும் காலாக்கினியால் தன் உடம்பை அடிமுதல் முடிவரை எரித்ததாகப் பாவித்து, அமுத தாரையால் நனைத்து, மந்திர சரீரம் அமைத்துக்கொண்ட பின்னரே இறைவனைத் தீண்டுகின்றான். இக்கிரியை எதன்பொருட்டு விதிக்கப்பட்டது? இயற்கை உடம்பு, எவருடைய உடம்பாயினும், பூசைக்குத் தகுதியற்றது என்பதுபற்றியன்றோ? அவ்வெரியில் தன் என்பு எரியுமாயின், அதன் பக்கத்திலிருக்கும் பிறர் என்பு மட்டும் எரியாது தப்புமோ? அன்பரே பூதசுத்தியை நாடோறும் செய்பவர். அவர் ஐயம் பூதசுத்தியின் வன்மையை ஐயுறுவதாய் முடியும் என்பதனை அவர் எண்ணிப்பார்த்தல் வேண்டும். அமர்ந்தெழ இயலாத உடம்பைக்காட்டிலும், பிறர் என்பு பெற்று நெடிது அமர்ந்திருக்கும் உடம்பே சிவபூசைக்கு ஏற்ற கருவி. மருத்துவர் குறிக்கும் நாளில் அவர் உடன்படலாம் என்பதே எம் துணிபு. சத்திரம் செய்த புண் ஆறும்வரையில் நீராடலாகாமையின், அந்நாட்களில் நோயுற்றார்க்குரிய முறைப்படி மானதமாகப் பூசித்தலே அமையும்.

ஈண்டு ஒன்று சொல்லாது விடுதற்கில்லை. இப்பொருளைப்பற்றி மேடையேறுவார் சிலர், திருமயிலையில் சிவநேசர் தம் மகளாரின் என்பையும் சாம்பரையும் குடத்தில் வைத்துக் காத்தமையையும், திருஞானசம்பந்தப் பெருமான் அவற்றினின்று பூம்பாவையாரை எழுப்பியருளியமையையும் எடுத்துக்காட்டி, என்பு வங்கி நம்மவர் கண்டதே என்று கைதட்டுப் பெறுகின்றனர். கண்ணப்ப நாயனார் தம் கண்ணைப் பெயர்த்து அப்பியதனைக் கண் மருத்துவத்திற்கு முன்மாதிரி என்பாரும் உளர். இவை நம் சமயத்திற்குப் பெருமை தேடுவன அல்ல. உள்ள பெருமையைச் சிறுமைப்படுத்துவன. பூம்பாவையார் எழுந்தது திருவருளால், குளிர்ப்பேழையால் அன்று. கண்ணப்பர் கொடுத்தது ஆராமையின் எல்லையில் நின்று; கையொப்பமிட்டு அன்று. ஆயினும் இவ்வரலாறுகள் ஒன்றை ஐயத்துக்கிடமின்றிக் காட்டும். நம் பெருமான் என்பை அருவருப்பவர் அல்லர். ஊழியிறுதியில் அயன் மாலுடைய முழுவென்பைத் தோளிற் சுமந்து கங்காளர் எனப் பெயர் பெற்றவர் அவர். தசையை உதறி என்புருவாய் வந்த காரைக்காலம்மையாரை அம்மையே என அழைத்தவரும் அவரே.

இதுகாறும் ஏற்பாரைப்பற்றிக் கூறினோம். கொடுப்பாரைப்பற்றிய வினா இதனினும் நுண்ணிது. அன்புடையார் தம் என்பளவும் பிறர்க்குரியதாகக் கருதுவர் என்னும் கருத்தைத் திருவள்ளுவர் அன்புடைமை அதிகாரத்தில் வைத்தனர். பரிமேலழகர் அதற்குப் புறாவின்பொருட்டுத் துலையேறிய சோழன் முதலாயினாரைக் காட்டினர். அச்சோழன் உயிரோடிருந்து நோவேற்றுக் கொடுத்தான். இறந்தபின் கொடுத்தலில் நோவில்லை; இழப்பும் இல்லை. ஆயின் அது கொடையாமோ? கொடுப்பவனே இல்லாதபோது கொடை யாது?

வினை மனம் வாக்குக் காயங்களால் ஈட்டப்படுவது. இறந்தார்க்கு இம்மூன்றும் தூலத்தில் இல்லை. ஆகவே இறந்தபின் எடுக்கப்படும் என்பால் அவர்க்குப் புதுவதாக ஆகாமியம் ஏறுதற்கில்லை. உயிரோடிருக்குங்கால், என் உடம்பு பிறர்க்குப் பயன்படுக என மனத்தால் எண்ணி, வாக்காற் சொல்லி, கையால் எழுதிவைப்பராயின், அப்போதே கொடை நிகழ்ந்துவிட்டது; பின்னர் மருத்துவர் எடுப்பது முன்னரே கொடுக்கப்பட்டதனை. அங்ஙனம் எண்ணாது இறந்தவர் உடம்பை மக்களும் மனைவியும் கொடுப்பராயின், நற்செயல் அவர்க்கேயாம். இறந்தார்க்கு அதிற் பங்கு கூறுதற்குச் சித்தாந்தத்தில் இடம் காணவில்லை. குருத்தெலும்பு பெரும்பாலும் இளமையில் எதிர்பாராது மாண்டாரிடமிருந்தே பெறப்படுகின்றது. முதியோரது தேய்ந்திருக்குமன்றோ? ஆதலின் அம்முடிவைச் செய்யும் சுமை, அன்றே மகனையோ மகளையோ இழந்த பெற்றோர் தலையில், சில நாழிகைக்குள் வந்து வீழ்கின்றது. அவர் கொடுப்பதன் அருமையை அளக்க யாம் வல்லோமல்லோம். கொடாராயின் அவரைக் குறைகூறுதல் கொடுமை. இளையராயினும் தம் கருத்தை வீட்டார்க்கு உணர்த்தி வைப்பராயின் அச்சுமை பாதியாய்க் குறையும்.

கொடாது எரித்துவிடுதல் பாவமோ எனின், அருணந்தி சிவாசாரியர் சித்தியாரில், உயிர்கட்கு உறுதி செய்தலை இதமென்றும் அது செய்யாமையை அகிதமென்றும் வகுத்திருத்தலை நோக்க வேண்டும். தீங்கு செய்தலை மட்டும் கூறாது, செய்யாமையையும் அதனுள் அடக்கினர். இதனை வைத்து எரிக்கப்பட்டாரெல்லாம் அகிதம் செய்தார் என்று முடிக்க யாம் துணியோம். அறியாமையும் இயலாமையும் உள்ளவிடத்துச் செய்யாமை குற்றமாகாது. அறிந்தும், இயன்றும், வெறும் அருவருப்பால் மட்டும் மறுப்பார் அவ்வடிகளை மறுமுறை ஓதிப்பார்த்தல் நன்று.

கொடை என்பது கொடுப்பார் மனத்தோடு கூடியது என்றமையால், மனமின்றி எடுத்தல் களவாம். இது வெறும் எடுத்துக்காட்டன்று, நிகழ்ந்ததே. நியூயார்க் நகரில் 2004-இல் தம் 95-ஆம் அகவையில் இறந்த அலிஸ்டர் குக் என்னும் புகழ்பெற்ற வானொலிச் சொற்பொழிவாளரின் என்புகள், வீட்டார் அறியாமல் திருடப்பட்டு விற்கப்பட்டமை 2005-இல் வெளியாயிற்று. அவர் புற்றுநோயால் இறந்தவர். பத்திரத்தில் அகவையும் நோயும் மாற்றி எழுதப்பட்டிருந்தன. அக்கூட்டத்தார் வேறு பலருடம்பிலும் அவ்வாறே செய்து, என்பெடுத்த இடத்தில் நீர்க்குழாயை வைத்துத் தைத்தனுப்பினர். இங்கே கெட்டது இறந்தார் உரிமை மட்டுமன்று. நோயுள்ள என்பைப் பெற்றவர் உடலும். நம் நாட்டில் 1994-ஆம் ஆண்டு உறுப்பு மாற்றுச் சட்டம் விற்பனையைக் குற்றமாக்கியது. 2011-இல் திருத்தப்பட்டு, திசுக்களும் அதனுட் சேர்க்கப்பட்டன. விலைப்படுத்துதலைச் சட்டம் குற்றவியல்பற்றி விலக்கினும், நாம் விலக்குதற்குக் காரணம் வேறு. விற்குங்கால் உடம்பு உடைமை என்பது மட்டும் நிற்கும். இறைவன் கொடுத்த உடைமை என்பது போய்விடும்.

அந்தியேட்டிக்குக் குறை நேருமோ என அஞ்சுவார்க்கு ஒரு சொல். என்பெடுத்தபின் அவ்விடத்தில் மரக்கோல் முதலியன வைத்துத் தைத்து, உருவம் கெடாமல் உடம்பைத் திருப்பித் தருதல் முறையான வங்கிகளின் வழக்கம். ஒரு நாளுக்குள் எல்லாம் முடிந்துவிடும். சஞ்சயனத்திற்கு வேண்டிய என்புகள் எஞ்சவே செய்யும். உடம்பே கிடையாதவிடத்துத் தருப்பையாலும் பலாச இலையாலும் உருவமைத்துக் கிரியை முடிக்கும் விதி நம்மிடம் இருத்தலின், இரண்டு முழங்கால் என்பு இன்மையால் கிரியை கெடும் என்பதற்கு இடமில்லை.

எஞ்சி நிற்பது துறவோர் திருவுடம்பு. ஞானியர் உடம்பை எரித்தல் கூடாதென்றும், எரிப்பின் நாட்டிற்குக் கேடு வருமென்றும் திருமூலர் சமாதிக் கிரியையில் அறிவுறுத்தினர். அதனை யாம் மாற்றிக் கூறப்புகோம். ஆசாரியத் திருமேனி சமாதியில் வைக்கப்பட்டபின் அதன்மேற் சிவலிங்கம் எழுகின்றது. பல தலைமுறையார் அங்கே வழிபட்டு உறுதி பெறுகின்றனர். அதுவும் உயிர்கட்கு இதமே. ஒரு பொருளை இரண்டிடத்து வைத்தல் இயலாது. ஆகவே ஞானபீடத்து எழுந்தருளியிருப்பார் திருமேனியைப்பற்றி இவ்வினாவை எழுப்புதலே தகாது. தீக்கை பெற்ற பிற தவசிகளைப்பற்றி, அவ்வம் மடத்துச் சந்நிதானங்களே தம் மரபு நோக்கி முடிவுசெய்தல் வேண்டும்.

ஆனால் மடங்களில் வாழ்வார் அனைவரும் எளிதிற் செய்யக்கூடியதொன்று உளது. அது பலர்க்குத் தெரியாது. இடுப்பு மூட்டுத் தேய்ந்தார்க்குச் செயற்கை மூட்டு வைக்குங்கால், தொடையென்பின் தலை வெட்டி எடுக்கப்படுகின்றது. உயிரோடிருப்பவர் உடம்பினின்று எடுக்கப்படுவது அது. அதனை வங்கியார் கேட்டுப் பெற்று, உறைகுளிரில் வைத்து, கொடுத்தவர் குருதியை ஆறு திங்கள் கழித்து மீண்டும் சோதித்து, பிறர்க்கு வழங்குதல் உண்டு. மேலே கூறிய அன்பர்க்கு வேண்டுவதும் இத்தகைய என்பே. இதனைக் கொடுத்தற்குச் சமாதி விதி தடையாகாது, சஞ்சயனமும் தடையாகாது. கொடாவிடின் அது மருத்துவமனைக் கழிவோடு சேர்ந்து எரிக்கப்படும். வங்கியுள்ள மருத்துவமனையில் இச்சிகிச்சை பெறும் தவசிகள், சத்திரத்திற்கு முன்னர் உடன்பாட்டுத்தாளில் ஒப்பமிடுங்கால், இதற்கும் ஒரு தாள் உண்டா என்று கேட்டு அதிலும் ஒப்பமிடலாம்.